இழுத்தலும் திருப்புதலும்

பினாங்குச் சூலியா தெருவில் நின்று திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்தால், ஊசி சற்றே ஆடி வடக்கு நோக்கி நிற்கும். காரணம் வினவின், "வடதுருவம் அதனை இழுக்கிறது" என்பர் மாணவர். ஆசிரியர் சிலரும் அவ்வாறே எழுதுகின்றனர். 2003இல் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது, தமிழ் நுட்பம் தாங்காது என்றோர் நம்முள்ளும் இருந்தனர். அவர்க்கு இத்தகைய வாக்கியமே சான்றாகிவிடும். குறை மொழியினுடையதன்று, எழுதுவோருடையது.

ஊசி ஓர் இருமுனை. அதன் சிறு நீளத்தில் புவியின் காந்தப்புலம் சீரானது. ஒரு முனையை எவ்வளவு வடக்கே தள்ளுமோ, அவ்வளவே மற்றதைத் தெற்கே தள்ளும். விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் ஊசி இடம்பெயராது; அவை ஒரே கோட்டில் அமையாதபோது திரும்பும். புலத்திற்குக் குறுக்கே நிற்கையில் இத்திருப்பம் மிகுதி. 30 பாகையில் அதிற் பாதி. புலத்தோடு ஒன்றியபின் இல்லை. காந்த ஊசியைத் தக்கையிற் செருகி நீரில் மிதக்கவிடுக. திரும்பும், கிண்ணத்தின் வடவிளிம்பை நாடிச் செல்லாது. ஆங்கிலேயக் கருவிவினைஞர் இராபர்ட் நார்மன் 1581இல் வெளியிட்ட நூலில், தக்கையிற் செருகிய ஊசியை நீருள் நிறுத்திச் சோதித்து, இஃது இழுப்பன்று என்று காட்டினார்.

சூலியா தெருவே இன்னொரு சான்று. பினாங்கு காந்த நடுக்கோட்டிற்குச் சற்றுத் தெற்கே உள்ளது. எடை சமன்செய்யாத காந்த ஊசியை இங்குத் தொங்கவிட்டால், சில பாகையளவு தாழ்வது தென்முனையே. சூலியர் புறப்பட்ட சோழமண்டலக் கரையில், நாகப்பட்டினத்தில், அதே ஊசியின் வடமுனை தாழும். வடதுருவமே இழுப்பதாயின் ஈரிடத்தும் வடமுனையன்றோ தாழ வேண்டும்?

இழுப்பு என்பதும் உண்டு. புலம் ஒருபால் வலிதாயும் ஒருபால் மெலிதாயும் இருக்கும் இடத்தில். காந்தத்தை அணுகிய இரும்பின் நிலை அது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் ஐந்தாம் நூற்பாவில் காந்தமும் இரும்பும் உவமையாக வருதல் தமிழாசிரியர் அறிந்ததே. அவ்வுவமையிற் குற்றமில்லை, அதனைத் திசைகாட்டிக்கு ஏற்றுதல் பொருந்தாது.

கலைச்சொல் பற்றியும் ஒன்று. 'காந்தத் திருப்புத்திறன்' என ஆக்கியோர் பொருளறிந்து ஆக்கினர். 'முறுக்குவிசை' எமக்கு உடன்பாடன்று. கயிற்றை முறுக்குகிறோம், அது புரியேறுகிறது. ஊசியில் எதுவும் முறுகுவதில்லை. 'திருப்புவிசை' எனும் சொல்லும் வழக்கில் உள்ளது. அதனையே வகுப்பில் ஆளலாம்.