றப்பர் மரத்தை வாங்குவோர் யார்?
கலா பொலவும் சப்ரகமுவத் தோட்டங்களும்

'பொல' என்ற சிங்களச் சொல்லைச் சப்ரகமுவவில் பிறந்த எவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பலாங்கொடையிலும் சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சனம் இறங்கிவந்து கருவாடும் வெங்காயமும் பிள்ளைக்கு ஒரு சட்டையும் வாங்கிப் போகும் இடம் அது. அங்கே பொருளும் வெளிச்சத்தில் இருக்கும்; விற்பவன் முகமும் வெளிச்சத்தில் இருக்கும். பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம்.

இந்தச் சொல்லைத்தான் ஜோர்ஜ் கீற் மன்றம் 1993இல் கொழும்பில் தொடங்கிய திறந்தவெளி ஓவியச் சந்தைக்குப் பெயராக எடுத்துக்கொண்டது. கலா பொல, கலைச் சந்தை. பாரிஸ் நகரத்து மொன்மார்த்தில் ஓவியர்கள் தெருவில் நின்று படம் விற்பது போன்ற ஏற்பாடுகளே இதற்கு முன்மாதிரி. ஜோர்ஜ் கீற் தமது 92ஆவது வயதில் இறந்ததும் அதே 1993இல்தான். ஜோன் கீல்ஸ் நிறுவனம் நெடுங்காலமாக அனுசரணை வழங்கி வருகிறது. பெரும்பாலும் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் வரும் ஒரு ஞாயிறு. விகாரமகாதேவி பூங்காவை ஒட்டி, நாம் இன்னும் 'கிறீன் பாத்' என்றே சொல்லும் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. முந்நூறுக்கு மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் மர நிழலில் தமது படைப்புகளைச் சாய்த்து வைத்துவிட்டு அவற்றின் அருகிலேயே நிற்பார்கள். நடுவில் கலைக்கூடக்காரர் இல்லை. வாங்குபவன் வரைந்தவனோடு நேருக்கு நேர் பேசுகிறான். மற்ற நாட்களிலும் அந்த வீதியின் நடைபாதையில் படம் விற்பவர்களைக் காணலாம்.

இதை நான் குறைசொல்ல வரவில்லை. கலை விலைப்படலாமா என்று முகம் சுளிப்பவர்கள் நம் இலக்கிய வட்டத்தில் இருக்கிறார்கள். தமது நூலை வெளியீட்டு விழா மேடையில் 'முதற் பிரதி', 'சிறப்புப் பிரதி' என்று முதலாளிமாருக்கு விற்கும் நாம், ஓவியன் மட்டும் பசியோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. என் கேள்வி வேறு. இந்தச் சந்தையில் தோட்டத்து மனிதர்களின் உருவம் ஏராளமாக விற்பனையாகிறது. அது எந்த உருவம்?

கொழுந்து பறிக்கும் பெண். வேறொன்றுமில்லை.

ஒரு சுற்று நடந்து பாருங்கள். பச்சைச் சரிவு, அதில் சிவப்பும் மஞ்சளுமாகச் சேலைப் புள்ளிகள், நெற்றியிலிருந்து முதுகுக்குத் தொங்கும் கூடை, பின்னால் நீல மலை. பாதிப் படங்களில் அவளுக்கு முகமே இருக்காது. வண்ணக் கத்தியால் ஓர் இழுப்பு, அது முகமாம். சில படங்கள் கைத்திறனில் குறைந்தவையல்ல. ஈரப் பச்சையை அடுக்கும் விதத்தில் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. ஆனால் பத்தாவது படத்தைப் பார்க்கும்போது முதலாவதிலிருந்து அதைப் பிரித்தறிய முடியவில்லை. படத்தில் அட்டை இல்லை, மழைக்குப் போர்த்தும் படங்கு இல்லை, நிறுவைத் தராசு இல்லை, லயம் இல்லை. பெண் இருக்கிறாள், அவள் செய்யும் வேலை இல்லை.

இந்தப் பெண்ணை உருவாக்கியவர்கள் நடைபாதை ஓவியர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1875இல் இங்கு வந்து 1879இல் இங்கேயே இறந்த ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர், இங்கிலாந்தில் தாம் எடுத்த கவிஞர்களையும் அறிஞர்களையும் பெயரோடு பதிந்தார். இங்கு எடுத்தவர்களுக்கு 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பது போன்ற தலைப்புத்தான் கிடைத்தது. பின்னர் லிப்டன் விளம்பரங்கள் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு சுற்றுலாச் சுவரொட்டிகள் வந்தன. 1991ஆம் ஆண்டுத் தொடரில் வந்த நமது நூறு ரூபாத் தாளின் பின்புறத்திலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருந்தார்கள். பிரசாவுரிமைக்கு அவளைப் பல பத்தாண்டுகள் காக்கவைத்த நாடு, காசுத் தாளில் அவளுக்கு இடம் கொடுத்தது. கலா பொல ஓவியன் செய்வதெல்லாம், ஏற்கெனவே செலாவணியில் இருக்கும் உருவத்தை இன்னொரு முறை அச்சடிப்பதுதான்.

இங்கேதான் சப்ரகமுவவின் பிரச்சினை எழுகிறது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தேயிலை இல்லாமலில்லை. ஆனால் இந்த மாகாணத்தின் தோட்ட வாழ்வில் பெரும் பங்கு றப்பருக்கு உரியது. றப்பர்க் காட்டை ஓவியத்தில் பார்த்த ஞாபகம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

பால்வெட்டுக்காரன் விடியுமுன் எழும்பியாக வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் வடிவது குறையும். கத்தியால் பட்டையை மெல்லிய நாடாவாகச் சாய்வில் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் இல்லை. கொஞ்சம் கூடினால் கத்தி உள்மரத்தைத் தொட்டுவிடும். மரம் காயப்பட்டு முண்டு கட்டும். அரிசி மணியளவு வித்தியாசத்தைக் கண்ணாலல்ல, கைப்பழக்கத்தால் அறிய வேண்டும், அதுவும் இருட்டில், நூற்றுக்கணக்கான மரங்களில், ஒவ்வொன்றாக. பிறகு சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்து வாளியில் சுமந்துபோய் நிறுக்க வேண்டும். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. அன்றைக்குப் பேர் விழுவதும் சந்தேகம். இந்த மாகாணத்து மழையை அறிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் விளங்கும்.

இது வெறும் கூலி வேலையா? கோடு, ஆழம், சாய்வு மூன்றையும் கையால் அளப்பவனை வேறு எந்தத் துறையிலும் கலைஞன் என்போம். அவன் கையெழுத்து மரத்திலேயே இருக்கிறது. பழைய வெட்டுகள் ஆறி, புதுப்பட்டை வளர்ந்து, அதன்மேல் மீண்டும் கோடு விழுந்து நிற்கும் ஓர் அடிமரத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும்.

1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகள் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டதில் இந்தக் கதை ஆரம்பிக்கிறது. 1952இல் சீனாவுடன் செய்த அரிசி - றப்பர் உடன்படிக்கையில் நாடு முழுவதற்கும் அரிசி வந்தது இந்தப் பாலைக் கொடுத்துத்தான். ஆயினும் றப்பர் ஓர் அழகுப் பொருளாகவில்லை. தேயிலை கோப்பையில் வந்து மேசையில் அமர்கிறது, றப்பர் டயராகிப் போய்விடுகிறது. மலைக்காட்சி போல அது தூரத்தில் விரிவதுமில்லை. உள்ளே போனால் ஒரே சாம்பல் நிற இருள். ஓவியர்களை மட்டும் குற்றம் சாட்டி என்ன பயன்? நம் மலையக இலக்கியமும் பெரும்பாலும் தேயிலை இலக்கியந்தான். அந்தனி ஜீவா நடத்திய சஞ்சிகையின் பெயரே 'கொழுந்து'. 'ஒட்டுப்பால்' என்று ஒருவர் சஞ்சிகைக்குப் பெயர் வைத்திருந்தால் நாம் சிரித்திருப்போம்.

இவ்வளவும் எனக்குத் தோன்றக் காரணமாயிருந்தது ஒரு சிறிய சம்பவம். 2023இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலா பொல நாளல்ல, அதே வீதியின் நடைபாதையில் ஓர் இளைஞன் ஐந்தாறு படங்களோடு நின்றான். நான்கு படங்கள் கொழுந்துப் பெண்கள். ஒன்றை மட்டும் வேலிப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். திருப்பிக் காட்டச் சொன்னேன். கித்தான் முழுவதும் ஒரே ஓர் அடிமரம். ஆளில்லை. இருட்டில் நெற்றி விளக்கின் வட்டம் பட்டையில் விழுகிறது. அந்த வட்டத்துக்குள் சாய்வான வெட்டுக் கோடும், கோட்டின் நுனியில் வெள்ளையாக ஒரு துளியும். விளக்கைக் கட்டியிருப்பவன் நாம் நிற்கும் இடத்தில் நிற்கிறான்.

"தம்பி எந்தப் பக்கம்?"

"கேகாலை டிஸ்ட்ரிக் நானா. றப்பர் தோட்டம். அப்பா பால்வெட்டு."

"இத ஏன் திருப்பி வச்சிருக்கீங்க?"

"காலையில இருந்து மூணு பேரு கேட்டுட்டாங்க, இது என்னா மரம்னு. சொன்னா, டீ எஸ்டேட் ஒண்ணு இல்லையானு கேக்குறாங்க. அதான்."

இந்தப் படம் ஏன் நல்ல படம்? றப்பர் என்பதால் அல்ல. அதில் துளி சரியாக விழவில்லை, வெள்ளை கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. விளிம்புகளில் இருட்டை வெறும் கறுப்பால் மூடியிருந்தான்; றப்பர்க் காட்டு இருட்டில் பச்சையும் நீலமும் உண்டு என்பது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் கண் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவன் தீர்மானித்திருந்தான். கொழுந்துப் படங்களில் நாம் எதிர்மலையில், வாகனத்தை நிறுத்திவிட்டு நிற்கிறோம். இதில் கத்தி நமது கையில் இருக்கிறது. அங்கே முகம் இல்லாததற்குக் காரணம் யாரும் அதைக் கேட்காதது. இங்கே முகம் இல்லாததற்குக் காரணம், தன் முகத்தைத் தானே எவனும் பார்க்க முடியாதது.

உருவப் படத்தை வீட்டில் மாட்டத் தயங்கும் நம்மவர் சுவருக்கும் இது பொருந்தும் என்று அப்போதே நினைத்தேன். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதைச் சாட்டாக வைத்து நமது வீடுகளில் வெளிநாட்டு அச்சுப் படங்களைத் தவிர வேறெதுவும் ஏறாமல் பார்த்துக்கொண்டோம் என்பதும் உண்மை. மரத்தையும் மலையையும் கையெழுத்துக் கலையையும் வாங்குவதற்கு எந்தத் தடையும் இருந்ததில்லை.

இரத்தினபுரியில் கடிகாரக் கோபுரத்துக்குக் கிட்ட நாள்தோறும் இன்னொரு திறந்தவெளிச் சந்தை நடக்கிறது. கடதாசி மடிப்பில் கல்லை வைத்துக்கொண்டு தெருவில் நின்று பேரம் பேசும் அந்த வியாபாரத்தில் நம்மவர் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். அங்கே ஒரு கல்லை எப்படிப் பார்க்கிறார்கள்! வெயிலுக்குப் பிடித்து, சரித்து, உள்ளே நூலிழை ஓடுகிறதா, நிறம் ஒரு மூலையில் மட்டும் தேங்கியிருக்கிறதா என்று, வாய் திறவாமல், நெடுநேரம். பார்வையே அங்கு மூலதனம். அந்தக் கண் ஏன் ஒரு படத்தின் முன்னால் கால் நிமிடங்கூட நிற்பதில்லை? காசில்லாமை காரணமல்ல. கல்லைப் பார்க்கச் சிறு வயதிலிருந்தே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். படத்தைப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை. நமது சஞ்சிகைகளில் ஓவிய விமர்சனத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்படாததற்கும் இதற்கும் தொடர்பில்லையா?

அந்த வீதிக்குப் பெயர் தந்த ஆனந்த குமாரசுவாமி சப்ரகமுவவுக்கு அந்நியர் அல்லர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுப் பணியின் தலைவராக இருந்தவர். 1904இல் பலாங்கொடைப் பகுதி மணலிலிருந்து 'தோரியனைற்' என்ற கனிமம் உலகுக்குத் தெரியவந்த வரலாற்றில் அவரது பெயரும் இணைந்திருக்கிறது. கல் தேடி நடந்த அந்த ஆண்டுகளில்தான் கிராமத்துக் கைவினைஞரின் நிலை அவர் கண்ணில் பட்டது. 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற நூல் அதிலிருந்து பிறந்தது. சந்தைக்காக அல்லாமல், காணி மானியத்தின் பேரில் அரசனுக்கும் விகாரைக்கும் வேலைசெய்து வாழ்ந்த கண்டியக் கைவினைஞனை அவர் அதில் பதிவு செய்தார். அதே மலைகளில் அப்போதே லயங்கள் இருந்தன. அவற்றில் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் ஆடப்பட்டன. அந்நூலின் பொருள் வேறு, ஆகையால் அவரிடம் அதைக் கேட்க முடியாது. ஆனால் லயத்துக்கு ஒரு குமாரசுவாமி கிடைக்கவில்லை என்பதை மறைக்கவும் முடியாது. காணி மானியம் எக்காலத்திலும் லயத்துக் கலைஞனுக்கு இருந்ததில்லை. அவனுக்கு இருப்பது சந்தை ஒன்றுதான். அதனால்தான் சந்தையின் ருசியைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது.

ருசி மாறாத ஒன்றல்ல. அற்றன் பகுதியைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் பாவித்த தேயிலைப் பைகளையும் கொண்டே தோட்டப் பெண்களின் வாழ்வைச் சொல்லிக் கலைக்கூடங்களில் இடம்பெற்றிருக்கிறார். தேயிலையை அழகுக் காட்சியாக அன்றிக் கறையாகக் காட்டினார். அங்கே பார்ப்பவனுக்கு விளக்கம் சொல்ல ஒரு கூடமும் ஒரு சிறுநூலும் உண்டு. பொலவில் அப்படியில்லை. படம் தானே பேச வேண்டும், அல்லது இளைஞன் பேச வேண்டும். கேகாலையிலிருந்து நாலைந்து சட்டமிட்ட படங்களைப் பஸ்ஸில் கொண்டுவருவது எப்படியென்று அவனைக் கேட்டேன். சாக்கில் கட்டி, கடைசி ஆசனத்துக்குப் பின்னால் நிறுத்தி, வழி நெடுகக் கையால் பிடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னான்.

றப்பர் படத்தை வாங்கினேன். அவன் பன்னிரண்டாயிரம் சொன்னான். நான் எட்டு என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, கல்லுத் தெருவில் வளர்ந்த வாய், தானாகச் சொல்லிவிட்டது. ஒன்பதாயிரத்துக்கு முடிந்தது. 2021இல் வர்த்தமானியில் அறிவித்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. நான் குறைத்தது அவன் தகப்பனின் மூன்று நாள் பேர். அவிசாவளை தாண்டும்போதுதான் இந்தக் கணக்கு என் மனதில் ஓடியது.

படம் இப்போது கடையில், தராசுக்கு மேலே இருக்கிறது. கல் கொண்டு வருகிறவர்கள் எப்போதாவது அண்ணாந்து பார்க்கிறார்கள். பலாங்கொடைப் பக்கத்து முதியவர் ஒருவர் மட்டும் கிட்டப்போய், வெட்டுக் கோட்டை விரலால் காற்றிலேயே தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொஞ்சம் ஆழமா வெட்டிப் போட்டான்."