அடியும் நகையும்: விளம்பர வன்முறை பற்றிய முறையீடுகளின் மொழி

0. முன்னுரை

தொலைக்காட்சி விளம்பரங்களில் ஒருவர் மற்றொருவரை அறைவதும் உதைப்பதும் தள்ளி வீழ்த்துவதும் நகைப்புக்குரிய செயல்களாகக் காட்டப்படுதல் பல நாடுகளிலும் காணப்படும் வழக்காகும். அவற்றைக் கண்டு சிரிப்போர் பலர்; முறையிடுவோர் சிலர். முறையீடு எழும்போது விளம்பரதாரர் தரப்பிலிருந்து வரும் விடை பெரும்பாலும் ஒன்றே: இது வேடிக்கை; பார்ப்போர் அனைவருக்கும் இது தெரியும். வேடிக்கை என்னும் விளக்கம் எதைச் செய்கிறது? முறையீடுகளை மதிப்பிடும் நெறிமுறைகளின் வினைச்சொற்கள் எவற்றைத் தம்முள் அடக்குகின்றன? எவற்றைத் தவறவிடுகின்றன? இவை சட்டத்துறை வினாக்கள் மட்டுமல்ல. மொழியியல் வினாக்களும் ஆகும். பிரிட்டனில் நிகழ்ந்த இரண்டு நிகழ்வுகளையும் இந்திய நெறிமுறைகள் சிலவற்றையும் அடிப்படையாகக் கொண்டு இவ்வினாக்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

1. நகையின் எல்லை

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பிறர் துன்பம் இவற்றுள் ஒன்றாக இடம்பெறவில்லை. எள்ளலை விளக்கும் பேராசிரியர், ஒருவன் பிறரை எள்ளி நகுதலையும் பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். நகுவோன் யார் என்னும் வினா இதனால் முதன்மை பெறுகிறது. அரிஸ்டாட்டிலும் தம் கவிதையியலில் நகைப்புக்குரியதைத் துன்பமோ அழிவோ விளைவிக்காத ஒரு குறைபாடு என்றே வரையறுத்தார்.

1955இல் வெளிவந்த கட்டுரையொன்றில் கிரிகரி பேட்சன் விளையாட்டைத் தொடர்பாடல் நோக்கில் ஆராய்ந்தார். விளையாடும் விலங்கு மற்றொன்றை மெல்லக் கடிக்கிறது. அது கடியைக் குறிக்கிறது. ஆனால் கடி எதைக் குறிக்குமோ அதைக் குறிப்பதில்லை. 'இது விளையாட்டு' என்னும் செய்தி அச்செயலைச் சுற்றி ஒரு சட்டகமாக அமைகிறது. விளம்பரதாரர் கூறும் 'இது வேடிக்கை' என்பதும் இத்தகைய சட்டகத்தையே சுட்டுகிறது. இச்சட்டகம் இருக்கிறதா என்பதை யாரும் மறுக்கவில்லை. அது இருப்பதனாலேயே தீங்கு நீங்கிவிடுகிறதா என்பதே வினா.

2. பெயர் வினையான நிகழ்வு

டாங்கோ என்னும் ஆரஞ்சுப் பானத்திற்காக ஹோவெல் ஹென்றி சால்டெகாட் லூரி நிறுவனம் உருவாக்கிய விளம்பரம் 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒளிபரப்பானது. தெருவில் நிற்கும் ஒருவர் பானத்தைப் பருகுகிறார். உடல் முழுதும் ஆரஞ்சு வண்ணம் பூசிய ஒருவர் ஓடிவந்து அவருடைய இரு கன்னங்களிலும் ஒருசேர அறைகிறார். பந்தாட்டத்தில் ஒரு கோலை மீண்டும் காட்டுவதுபோல வருணனையாளர் குரல்களுடன் அக்காட்சி மறுபடியும் காட்டப்படுகிறது. விரைவில் பள்ளிச் சிறுவர்கள் ஒருவரையொருவர் இவ்வாறு அறையத் தொடங்கினர். காதுகளுக்குக் காயம் ஏற்பட்டதாகச் செய்திகள் எழுந்தன. அறையும் வடிவம் நீக்கப்பட்டு, அறைவதற்குப் பதிலாக முத்தமிடும் வடிவம் இடம்பெற்றது.

இவ்விளம்பரத்தின் முழக்கத் தொடர் மொழியியல் நோக்கில் தனிக் கவனத்திற்குரியது. அதில் பானத்தின் பெயர் செயப்பாட்டு வினையாக்கப்பட்டு, 'நீங்கள் டாங்கோ செய்யப்பட்டால் அது உங்களுக்கே தெரியும்' என்னும் பொருள்பட அமைந்தது. இங்கு மூன்று கூறுகளைக் காணலாம்.

முதலாவது, பெயர் வினையாதல். ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல் துணைவினை எதுவுமின்றி வினையாகலாம். தமிழில் இதற்குச் செய், பண்ணு போன்ற வினைகள் தேவைப்படுகின்றன. 'போன் பண்ணு' என்பதுபோல. ஆகவே ஆங்கிலம் பேசும் சிறுவனுக்கு அச்சொல் ஒரே அசைவில் செயலாக வந்து சேர்ந்தது.

இரண்டாவது, செயப்பாட்டு அமைப்பு. அறைந்தவன் தொடரில் இல்லை. அறை பெற்றவரே எழுவாய். யார் செய்தார் என்னும் வினாவுக்குத் தொடரில் இடமில்லை.

மூன்றாவது, தொடரின் முன்னிலை. அறை பெறுபவர் 'நீங்கள்'. பார்ப்பவர் நகுவோராக மட்டுமன்றி அடுத்து அடிபடக் கூடியவராகவும் தொடரால் வைக்கப்படுகிறார்.

அறைதல் உலகில் முன்பே உள்ள செயல். ஆனால் இரு கைகளாலும் இரு செவியருகே அறைதல் என்னும் குறிப்பிட்ட செயலுக்கு அதுவரை தனிப்பெயர் இல்லை. விளம்பரம் அதற்குப் பெயர் தந்தது. பெயர் கிடைத்த செயல் அழைத்துச் செய்யத்தக்க விளையாட்டாகிறது. சிறுவர் கூட்டத்தில் அச்சொல்லைக் கூறுவதே அடிக்கு முன்னறிவிப்பாகவும் அடிக்குப் பின் விளக்கமாகவும் பயன்படும் தன்மையது. விளையாட்டு வினையாகும் என்னும் பழமொழி இங்கு இருபொருளிலும் பொருந்துகிறது. அறையை நீக்கிய பின்னரும் முழக்கம் நீடித்தது என்பது இங்குக் கருதத்தக்கது. காட்சி திருத்தப்பட்டது, சொல் திருத்தப்படவில்லை.

இந்நிகழ்விலிருந்து பெறப்படும் முடிவு சட்டகக் கொள்கைக்கு எதிரானதன்று, அதன் நீட்சியே. சிறுவர்கள் விளம்பரத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அது வேடிக்கை என்பதை நன்கு அறிந்திருந்தனர். வேடிக்கை என்று அறிந்ததனாலேயே அதைச் செய்தனர். சட்டகத்தையும் சேர்த்தே அவர்கள் பள்ளிக்கு எடுத்துச் சென்றனர். ஆனால் செவிப்பறைக்குச் சட்டகம் தெரியாது.

அடிபட்ட சிறுவனின் நிலை மேலும் இடர்ப்பாடானது. அவன் அழுதால் வேடிக்கை புரியாதவன் ஆகிறான். முறையிட்டால் விளையாட்டைக் கெடுப்பவன் ஆகிறான். பேராசிரியர் பிரித்துக் காட்டிய இரண்டாவது வகையினனாக, எள்ளப்பட்டுத் தானும் நகுபவனாக, அவன் நடிக்க வேண்டியதாகிறது. வேடிக்கை வன்முறை முதலில் பறிப்பது முறையிடும் உரிமையை என்பதே இதன் பொருள்.

3. எண்ணிக்கையும் தீர்ப்பும்

இரண்டாவது நிகழ்வு 2010ஐச் சேர்ந்தது. பேடி பவர் என்னும் அயர்லாந்துப் பந்தய நிறுவனத்தின் விளம்பரத்தில் பார்வையற்றோர் ஒலிப்பந்து கொண்டு கால்பந்து ஆடுகின்றனர். மணி கட்டிய பூனையொன்று ஆடுகளத்தில் நுழைகிறது. ஓர் ஆட்டக்காரர் பந்தென எண்ணி அதை உதைக்கிறார். பூனை மரத்தின் மேல் காணப்படுகிறது. 1,313 முறையீடுகள் வந்தன. அவ்வாண்டில் மிகுதியான முறையீடு பெற்ற விளம்பரம் இதுவே. விளம்பரத் தரநிலை ஆணையம் அவற்றை ஏற்கவில்லை. விளம்பரம் நடப்பியலுக்கு அப்பாற்பட்ட வேடிக்கை என்றும், பெரும்பாலான பார்வையாளர் அதைப் பார்வையற்றோரை இழிவுபடுத்துவதாகவோ விலங்குக் கொடுமையை ஊக்குவிப்பதாகவோ கொள்ளமாட்டார் என்றும் ஆணையம் கருதியது.

இத்தீர்ப்பை முற்றிலும் தவறெனக் கூற இயலாது. முறையீடுகளின் எண்ணிக்கை குற்றத்தின் அளவாகாது. பார்வையற்ற ஆட்டக்காரர்களைத் திறனுடைய விளையாட்டினராகக் காட்டியதும் அவ்விளம்பரமே. எனினும் தீர்ப்பின் தர்க்கம் ஆராயத்தக்கது. 'பெரும்பாலான பார்வையாளர் எவ்வாறு கொள்வர்' என்பது சட்டகம் அறியப்படுகிறதா என்னும் வினா. 'எவருக்கேனும் தீங்கு நேருமா' என்பது வேறு வினா. முன்னதற்குப் பெரும்பான்மை விடையாகும், பின்னதற்கு ஆகாது.

2010 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிரிட்டானிய ஒளிபரப்பு விளம்பர நெறிமுறை இவ்விரண்டையும் தனித்தனி விதிகளாகவே வைத்துள்ளது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு உடல், உளத் தீங்கு நேரக் கூடாது என்பது ஒன்று. கடுமையான அல்லது பரவலான மனத்தாங்கல் நேரக் கூடாது என்பது மற்றொன்று. முறையிடுவோர் தம் உணர்வையே எழுதினால், முறையீடு மனத்தாங்கல் என்னும் வகையுள் எளிதில் அடங்கிவிடும். அங்கு 'பரவலான' என்னும் அடை அதைத் தோற்கடிக்கும். அதே காட்சியைப் பற்றி 'இதைக் கண்டு ஒரு குழந்தை இவ்வாறு செய்தது' என எழுதப்படும் முறையீடு தீங்கு என்னும் வகையைச் சேரும். முறையீட்டின் வலிமை அதன் சினத்தில் இல்லை. அதன் எழுவாயில் உள்ளது.

4. இந்திய நெறிமுறைகளின் வினைச்சொற்கள்

இந்திய விளம்பரத் தரநிலைக் குழு 1985இல் அமைக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளின் ஏழாம் விதி, வன்முறையைத் தூண்டுகின்ற அல்லது அதைப் புகழ்ந்து போற்றுகின்ற விளம்பரங்களைத் தடுக்கிறது. தூண்டுதல், போற்றுதல் ஆகிய இரண்டும் வன்முறையைப் பெரிதாகக் கருதும் வினைகள். வேடிக்கை வன்முறையோ அதைச் சிறிதாக்குகிறது. அடியை அடியன்று எனக் காட்டுகிறது. சிறிதாக்குதலைக் குறிக்கும் வினை அவ்விதியில் இல்லை. எனவே அறைந்து சிரிக்கவைக்கும் விளம்பரம் விதியின் சொற்களுக்கு இடையே எளிதில் நழுவிச் செல்லலாம்.

2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் குழந்தைகளை நோக்கிய அல்லது குழந்தைகளைப் பயன்படுத்தும் விளம்பரங்களுக்குத் தனிப்பகுதி ஒதுக்கியுள்ளன. இதன் சொல்லாட்சி பிரிட்டானிய விதியை நெருங்கி ஒத்துள்ளது. ஆனால் ஒரு வினையின் எழுவாய் மாறியிருக்கிறது. குழந்தைகள் பார்த்துச் செய்தால் இடர் தரக்கூடிய நடத்தையைத் தக்க காரணமின்றிக் காட்டக் கூடாது என்பது பிரிட்டானிய விதி. அங்குப் பார்த்துச் செய்வது குழந்தை. இந்திய வாசகத்திலோ குழந்தைகளுக்கு இடரான நடத்தையை விளம்பரம் தக்க காரணமின்றிப் 'பார்த்துச் செய்யக்' கூடாது என அமைந்துள்ளது. பார்த்துச் செய்யும் குழந்தை தொடரிலிருந்து மறைந்துவிட்டது. பார்த்துச் செய்தலே வேடிக்கை வன்முறையின் தீங்கு செல்லும் வழி என்பதை முதல் நிகழ்வு காட்டியது. அவ்வழியையே வாசகம் இழந்திருக்கிறது.

மேலும், குழந்தைகளை நோக்கியதா என்பது விளம்பரத்தின் இலக்கைப் பொறுத்தது; பார்த்துச் செய்தல் யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. இளைஞருக்கான பானத்தின் விளம்பரத்தைப் பள்ளிச் சிறுவரும் பார்த்தனர் என்பதை மறத்தலாகாது.

5. முடிவுரை

விளம்பரத்திலிருந்து நகைச்சுவையை அகற்ற வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிவன்று. விழுந்தெழும் கோமாளியைக் கண்டு நகுதல் மனித இயல்பு. ஆயினும் 'இது வேடிக்கை' என்பதை முறையீட்டுக்கு விடையாக ஏற்கலாகாது. அதை ஆய்வின் தொடக்கமாகவே கொள்ள வேண்டும். அச்செயல் வெறுங்கையால் செய்யத்தக்கதா, அதற்குப் பெயர் சூட்டப்பட்டுள்ளதா, அடிபட்டவரின் வலி காட்சியில் இடம்பெறுகிறதா, அடிபடுபவர் மறுக்க இயலுமா என்னும் நான்கு வினாக்களும் கேட்கப்பட வேண்டும்.

நெறிமுறைகளைத் தமிழில் ஆக்கும்போது தூண்டுதல், போற்றுதல் என்பவற்றோடு சிறிதாக்கிக் காட்டுதல் என்னும் வினையும் சேர்தல் நன்று. பார்த்துச் செய்தல் என்னும் வினைக்குக் குழந்தையே எழுவாயாக வேண்டும். அடிபட்டவனுக்கு முறையிடுவதற்கான சொல் முதலில் விதியில் இருந்தால்தான் அவன் வாயிலும் அது இருக்கும்.