முழங்கைக்கு இதமான நரம்பு

முழங்கை வலிக்கிறது என்று யாராவது சொன்னால், அவருடைய டென்னிஸ் மட்டையின் நரம்பைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பேன். பாலியெஸ்டர் நரம்பு விறைப்பானது, அதிர்வைக் கைக்குக் கடத்திவிடும். மாட்டுக் குடலில் செய்த நரம்பின் இதம் தனி. லியோன் நகரில் 1875இல் தொடங்கிய பாபொலா நிறுவனத்தின் பெருமை அது. ஆனால் எங்கள் ஜொகூரின் ஈரக் காற்றும் திடீர் மழையும் அதற்கு ஆகாது. நனைந்தால் இழை இழையாகப் பிரிந்துவிடும். இங்கே எனக்குப் பிடித்தது மல்டிஃபிலமென்ட். மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த நரம்பு அது. 50 பவுண்டு இழுவிசைக்குக் கீழே கட்டினால் பந்து ஒரு கணம் பதிந்து, மெத்தென்று கிளம்பும். அந்தச் சத்தமே சுகம்! மட்டையும் வளைந்துகொடுக்க வேண்டும், 300 கிராமாவது இருக்க வேண்டும். மிக லேசான மட்டை பந்து மோதும்போது தள்ளாடும். அந்த அதிர்ச்சியை முழங்கைதான் வாங்கிக்கொள்ளும்.