சாய்வு பெஞ்சு

பிசியோதெரபி அறையிலுள்ள உபகரணங்களுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, மின்சாரமோ ஆடம்பரமோ இல்லாத, முதுகுப் பலகையை வேண்டிய கோணத்தில் நிறுத்திக்கொள்ளத்தக்க சாய்வு பெஞ்சுதான். அதன் ரகசியமெல்லாம் பின்புறத்தில், வரிசையாகத் துளையிட்ட ஓர் இரும்புச் சட்டத்திலும், அத்துளைகளுள் ஒன்றில் 'டக்'கென்று விழுந்து பூட்டிக்கொள்ளும் விரற்பருமனுள்ள ஒரு முளையிலும் அடங்கியிருக்கிறது; அம்முளை முழுதும் இறங்கிவிட்டதா என்று பலகையைக் கையால் அழுத்திப் பரீட்சித்த பிறகே நோயாளியை உட்காரச் சொல்லுகிற சிகிச்சையாளரை உத்தமமான கலைஞர் என்றே நான் மதிப்பேன். ஆள் அமர்ந்திருக்கையில் கோணத்தை மாற்றுவதும், ஆசனத்துக்கும் பலகைக்கும் இடையேயுள்ள சந்தில் விரலை வைக்க விடுவதும் அவருக்கு மகா பாபம்.

பளுவைப் படிப்படியாக ஏற்றித் தசைகளைப் புஷ்டிப்படுத்தும் முறையை, காயமுற்ற சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்த அமெரிக்க ராணுவ வைத்தியர் தாமஸ் டெலார்ம் 1945-இல் பிரசுரித்தார். தோள் இறுகிப்போன முதியவர் ஒருவர் இந்தப் பெஞ்சில் பாதி சாய்ந்தபடி அரைக் கிலோ டம்பெல்லை உயர்த்துகிற காட்சியும் அந்த வம்சாவளியைச் சேர்ந்ததே. "மூச்சை அடக்காதீங்க ஐயா, வாய்விட்டு எண்ணுங்க" என்கிறார் சிகிச்சையாளர். எண்ணுகிறவனால் மூச்சைப் பிடித்துவைக்க முடியாதல்லவா! பயிற்சி முடிந்ததும், சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றக்கூடும் என்பதால், பாதங்களைத் தரையில் ஊன்றச் செய்து சற்று நேரம் உட்கார வைக்கிறார். முதியவருக்கோ காப்பிக்கு நேரமாகிவிட்டது.