பழைய குறியேற்றங்களின் நீக்கமும் தமிழ் மூலபாடமும்

கணினியின் இயங்குதளங்களில் நெடுநாளாக இடம்பெற்றிருந்த பழைய எழுத்துக் குறியேற்றங்களை அகற்றி, ஒருங்குறியின் யூ.டி.எப்.-8 வடிவம் ஒன்றையே நிலைநிறுத்தும் போக்கு இந்நூற்றாண்டில் வலுப்பெற்று வருகின்றது. இஃது பொறியாளர்தம் பட்டறைச் செய்தி என்று தமிழாய்வாளர் ஒதுக்குதல் பொருந்தாது. எழுத்து மாறினால் பாடம் மாறும். பாடம் மாறுமிடத்து நமக்கு வேலை உண்டு.

இப்போக்கிற்குத் தெளிவான சான்று ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் இயங்குதளம். 2016 மார்ச்சில் வெளிவந்த அதன் 5.9ஆம் பதிப்பில் ஒற்றை எண்மிக் குறியேற்றங்கள் யாவும் நீங்கின. 'சி' எனப்படும் அடிப்படை அமைவும், 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூ.டி.எப்.-8-உம் மட்டுமே எஞ்சின. இதற்குக் காட்டப்பெறும் காரணங்கள் வலியுடையன என்பதில் ஐயமில்லை. ஒரே எண், ஓரமைவில் ஓரெழுத்தாயும் பிறிதோரமைவில் வேறோரெழுத்தாயும் நின்றது. ஒருவர் இட்ட கோப்பின் பெயர் மற்றொருவர்க்குப் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. ஒவ்வொரு நிரலும் இவ்வேறுபாடுகளை எல்லாம் சுமந்து திரிய நேர்ந்தது. இனி எழுதப்படுவன ஒரே முறையில் எழுதப்படுதல் வேண்டும் என்பதே எம் கருத்தும்.

ஆயின் இனி எழுதுதல் வேறு, முன் எழுதியதைப் படித்தல் வேறு. நீக்கத்தை ஆதரிப்போர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகின்றனர். தமிழை நோக்கின் இம்மயக்கம் எத்துணைக் கேடு தரும் என்பது விளங்கும்.

தமிழில் பழைய குறியேற்றங்கள் ஓரினத்தன அல்ல. 1991இன் இந்தியத் தரமாகிய இஸ்கி, எழுத்துகளை ஒலிமுறையில் வைத்தது. திஸ்கியோ கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் வைத்தது. 'கெ' என்பதில் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாக நிற்கும். 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற டாம், டாப் என்பன பிறிதோர் வகை. இவற்றிற்கெல்லாம் புறம்பாகப் பாமினி போன்ற எழுத்துருக்கள் இருந்தன. பாமினியில் 'அம்மா' என்று எழுதினால், கோப்பினுள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே கிடக்கும். இயங்குதளம் அதனை ஆங்கிலம் என்றே கருதிற்று. அறியாத ஒன்றை அது நீக்குதலும் இல்லை, காத்தலும் இல்லை. எழுத்துரு மறைந்த அன்றே அவ்வகைக் கோப்பு ஊமையாயிற்று.

திஸ்கியின் நிலை வேறு. குனு சி நூலகம் அதனைப் பெயரிட்டு ஏற்று, ஒருங்குறிக்கு மாற்றும் பகுதியையும் தன்னுள் கொண்டது. அப்பகுதி முன்னிற்கும் கொம்பை நிறுத்திவைத்து, மெய் வந்தபின் இடமாற்றி இணைத்தல் வேண்டும். அட்டவணை பார்த்து எண்ணுக்கு எண் மாற்றும் எளிய செயலன்று. கியூட்டி நூலகத்திலும் திஸ்கி மாற்றி இருந்தது. 2020 டிசம்பரில் வந்த ஆறாம் பதிப்பு, பழைய குறியேற்ற வகுப்புகளைத் தன் உள்ளகத்தினின்று பெயர்த்து இணக்கப் பகுதியில் வைத்தது. வழக்கிறந்ததை உள்ளகத்தில் வையாது, வேண்டுவோர் எடுத்துக்கொள்ளுமாறு புறத்தே வைக்கும் இம்முறையை யாம் ஏற்போம். அடியோடு அழித்தலை ஏலோம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் தொடக்கக்கால மின்பதிப்புகள் பலவற்றைத் திஸ்கியில் வெளியிட்டதை இங்கு நினைத்தல் தகும். அவை பின்னர் ஒருங்குறிக்கு வந்தன. அங்ஙனம் கொண்டுவரத் திட்டமொன்று வாய்க்காத தனியார் கோப்புகள், ஆய்வேடுகள், அகராதிக் குறிப்புகள் எத்துணையோ!

மாற்றிவிட்டபின் மூலம் எதற்கு என்று வினவலாம். ஏட்டுச்சுவடி ஆய்ந்தோர் இதற்கு விடை அறிவர். சுவடியில் புள்ளியில்லை, காலும் ரகரமும் ஒருருவாய் நின்றன. படியெடுத்தோன் கொண்ட முடிபைச் சரிபார்க்க மூலச்சுவடியே துணை. கணினியிலும் இதுவே நேர்ந்தது. ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றே. ஆதலின் தட்டச்சிட்டோர் பலர் ளகரத்தையே இட்டனர். ஔவை 'ஒளவை' ஆயினார்; வௌவால் 'வெளவால்' ஆயிற்று. அச்சில் குற்றம் தோன்றாது. தேடுங்கால் ஔவை அகப்படாள். எல்லாவிடத்தும் பொறியால் திருத்துவோம் எனின், வெளியும் வெள்ளமும் கெடும். இப்பிழை மூலத்தில் இருந்ததோ மாற்றியால் வந்ததோ என்று துணிதற்கு, மூலக்கோப்பும் அதன் குறியேற்றப் பெயரும் அதனைப் படிக்கும் கருவியும் ஆகிய மூன்றும் வேண்டும்.

குறியேற்ற நீக்கத்தோடு வட்டார அமைவுகளையும் சேர்த்து நீக்குவதில்தான் எம் மறுப்பு மிகுதி. வட்டார அமைவு என்பது எழுத்துகளின் எண்மட்டுமன்று. வரிசை முறையும் அதனுள் அடங்கும். குனு சி நூலகம் தமிழ் அமைவில் இதற்கு இடம் தருகின்றது. ஓப்பன் பி.எஸ்.டி.யின் அடிப்படைத் தொகுதியிலோ எழுத்து வகைப்பாடு ஒன்றே செயற்படும், வரிசையமைவு பயனளிப்பதில்லை. எனவே அங்கு வரிசைப்படுத்துங்கால் ஒருங்குறியின் எண்வரிசையே ஆட்சி செய்யும். அவ்வெண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் ளகரத்திற்குப் பின்னும் நிற்கின்றன. நெடுங்கணக்கின் வரிசை அதுவன்று. எழுத்தெண் ஒருமைப்பட்டதால் மொழிமுறையும் ஒருமைப்பட்டது எனக் கொண்டதன் விளைவு இது. யூ.டி.எப்.-8 இதற்குப் பொறுப்பன்று. வரிசை அதன் வேலையும் அன்று.

மயில், மரம், மலை, மழை, மறம், மனம் என்று அகராதியில் நிற்கவேண்டிய ஆறு சொற்களும் அவ்வியங்குதளத்தில் மனம், மயில், மரம், மறம், மலை, மழை என்று நிற்கும். சொல்லடைவு தொகுக்கும் மாணாக்கர் தம் கருவி இவற்றுள் எவ்வரிசையைத் தருகின்றது என்று முதலில் இவ்வாறு சொற்களை இட்டுப் பார்த்துக்கொள்க.