கம்பி வெட்டும் கணக்கும் கர்மார்க்கரின் கட்டுரையும்

திருவொற்றியூரை அடுத்த சாத்தாங்காட்டில் இரும்பு எஃகு அங்காடி ஒன்று இருப்பதை வடசென்னை வாசகர்கள் அறிவர். ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இரும்பு வணிகத்தை இடம் மாற்றுவதற்காகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த அங்காடி அது. கட்டட வேலைக்கு லாரி ஏறும் முறுக்குக் கம்பி பெரும்பாலும் 12 மீட்டர் நீளமுடையது, ஏறக்குறைய நாற்பதடி. ஆனால் தூணுக்கு ஒரு நீளம், உத்தரத்துக்கு வேறு நீளம், படிக்கட்டுக்கு இன்னொரு நீளம் என்று அதை வெட்டித்தான் பயன்படுத்த வேண்டும். எப்படி வெட்டினால் மிகக் குறைந்த கம்பிகள் போதும்?

இக்கேள்வியைப் பற்றி உலகில் வெளிவந்த ஆய்வுகளுள் தலைசிறந்த ஒன்றில் ஓர் இந்தியருக்குப் பங்குண்டு. குவாலியரில் பிறந்து பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற நரேந்திர கர்மார்க்கர், அமெரிக்காவின் பெர்க்லியில் தம் ஆசிரியர் ரிச்சர்ட் கார்ப்புடன் சேர்ந்து 1982-இல் வெளியிட்டது அது. 1984-இல் அவர் கண்ட வேறொரு முறை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்திலேயே இடம்பெற்றது. அந்த ஆரவாரத்தில் 1982-ஆம் ஆண்டுக் கட்டுரை பொதுவாசகர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது. அதன் நிறைகுறைகளை இங்கே பார்ப்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 6 மீட்டரில் ஒன்று, 4 மீட்டரில் மூன்று, 3 மீட்டரில் இரண்டு, ஆக ஆறு துண்டுகள் வேண்டும். கம்பி வேலை தெரிந்தவர் பெரிய துண்டை முதலில் வெட்டுவார். அடுத்த துண்டு எந்தக் கம்பியில் முதலில் அடங்குகிறதோ அதில் வெட்டுவார். முதற் கம்பியில் 6-உம் 4-உம் போக 2 மீட்டர் மீதி. இரண்டாவதில் 4, 4, 3 போக 1 மீட்டர் மீதி. கடைசி 3 மீட்டருக்காக மூன்றாவது கம்பியைத் தொட வேண்டியதாகிறது. ஆனால் 6, 3, 3 என ஒன்றும், 4, 4, 4 என மற்றொன்றும் வெட்டினால் இரண்டே கம்பிகள் போதும். ஒரு விரற்கடையும் வீணாகாது!

ஆறு துண்டுகளுக்கு இதைத் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். நாற்பது துண்டுகளை இரு நீண்ட கம்பிகளுக்குப் பங்கிடும் வழிகளோ ஐம்பதாயிரம் கோடியைத் தாண்டும். இரண்டு கம்பிகள் போதுமா என்ற கேள்வியே, விரைவான படிமுறை எதுவும் இதுவரை அகப்படாத கணக்குகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘அகப்படாத’ என்பதை மாணவர்கள் ‘இருக்கவே முடியாத’ என்று படித்துவிடக் கூடாது. அப்படி ஒன்று இல்லை என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை. மேலும், எல்லாக் கணக்குகளுக்கும் மிகச் சரியான விடை தரும் விரைவான முறை இல்லாவிட்டாலும், ஏறக்குறையச் சரியான விடை தரும் முறை இருக்கலாம் அல்லவா? மேலே சொன்ன ‘பெரியது முதலில்’ முறையே அத்தகையது. மிகச் சிறந்த விடையைப்போல் 11/9 மடங்கை, ஒரு சிறு மாறிலி தவிர, அது மிஞ்சாது என்று டேவிட் ஜான்சன் 1973-இல் நிறுவினார். அதாவது, மிக மோசமான நிலையிலும் ஏறத்தாழ 22 விழுக்காடுதான் கூடுதல்.

கர்மார்க்கரும் கார்ப்பும் இந்த 22 விழுக்காட்டை அநேகமாக ஒழித்துக் கட்டினர். அவர்கள் பயன்படுத்திய கருத்துகளுள் ஒன்று மிக எளிது. 2.93, 2.97, 3 மீட்டர் என்று நெருங்கிய நீளங்களை ஒரே குழுவாக்கி, எல்லாவற்றையும் 3 மீட்டராகவே கொள்வது. சிறிது இரும்பு வீணாகும். ஆனால் நீள வகைகள் குறைந்து கணக்கு சுருங்கிவிடும். பின்னர் எந்த வெட்டு அமைப்பை எத்தனை முறை கையாள்வது என்பதைப் பின்னங்களை அனுமதித்துக் கணக்கிடுகின்றனர். இது காகிதத் தொழிலுக்காக கில்மோர், கோமரி இருவரும் 1961-இல் வகுத்த வழி. கிடைத்த விடையின் முழு எண் பகுதியை ஏற்றுக்கொண்டு, எஞ்சியதை மீண்டும் குழுவாக்கி, மீண்டும் கணக்கிடுகின்றனர்.

பலன் என்ன? 1000-ஐப் பாதி பாதியாகக் குறைத்தால் ஏறக்குறைய 10 முறையில் 1-ஐ அடைவோம். இந்தப் பத்தின் வர்க்கம் 100. கூடுதலாகச் செலவாகும் கம்பிகள் இந்த வர்க்கத்தை ஒரு மாறிலியால் பெருக்கினால் வருவதற்கு மேற்போகா என்பதே அவர்களின் தேற்றம். பத்து லட்சம் கம்பிகளுக்கு இவ்வர்க்கம் 400-தான்! வேலை பெருகப் பெருக விரயத்தின் பங்கு தேய்ந்துகொண்டே போகிறது. இது உண்மையிலேயே அழகான முடிவு.

ஆனால் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஆயிரம் கம்பி வாங்குபவருக்கு 100 என்பது பத்து விழுக்காடு. அதையும் ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். சிறு வேலைகளுக்கு இந்த உறுதிமொழியால் பெரும்பயன் இல்லை. அவர்கள் நம்பியிருந்த நீள்வட்டத் திண்ம முறையும் கோட்பாட்டில் விரைவானது, நடைமுறையில் மந்தமானது. அந்த இடைவெளியை நிரப்பும் முறையை இரண்டே ஆண்டுகளில் கர்மார்க்கரே கண்டார் என்பது சுவையான செய்தி.

என் முக்கியமான குறை வேறு. இந்த ஆய்வு கம்பிகளை எண்ணுகிறது, மீதியைப் பார்ப்பதில்லை. நம் சிறு கணக்கில் இரண்டுக்குப் பதில் மூன்று கம்பிகள் என்பது கோட்பாட்டின் கண்ணில் ஐம்பது விழுக்காடு நட்டம். கம்பி வாங்கியவர் அப்படியா பார்ப்பார்? மூன்றாவது கம்பியில் எஞ்சிய 9 மீட்டரை அடுத்த வேலைக்கு எடுத்து வைப்பார். பழைய இரும்பாகப் போகக்கூடியவை 2 மீட்டர், 1 மீட்டர்த் துண்டுகள் மட்டுமே. அதுவும் எடைக்கு விலை போகும். தேவைகள் எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று கட்டுரை எடுத்துக்கொள்வதும் அப்படித்தான். மாடிப்படியின் அளவு மேஸ்திரிக்குத் தெரிவதற்குள் தூண் எழும்பிவிடுகிறது. தேவை ஒவ்வொன்றாக வரும்போது எந்த முறையும் மோசமான நிலையில் 3/2 மடங்குக்குக் கீழே இறங்க முடியாது என்று ஆண்ட்ரூ யாவ் 1980-லேயே காட்டியிருந்தார்.

இவை கட்டுரையின் பிழைகள் அல்ல. அது எடுத்துக்கொண்ட கேள்வியின் எல்லைகள். அந்தக் கேள்விக்கு அது அளித்த விடையை மேம்படுத்த ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. தாமஸ் ராத்வாஸ் 2013-இல் அந்த வர்க்கத்தைக் குறைத்தார்; பின்னர் 2017-இல் அவரும் ரெபெக்கா ஹோபெர்க்கும் வர்க்கத்தையே நீக்கினர். ஆயிரம் கம்பிகளுக்கு 100 இருந்த இடத்தில் இப்போது 10. பின்ன விடையை மேல்நோக்கி முழு எண்ணாக்கினால், உண்மையான விடை அதைவிட ஒரே ஒரு கம்பிக்கு மேல் கூடாது என்ற ஊகமும் உண்டு. அதை மீறும் கணக்கு ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. அதை நிறுவியவரும் இல்லை.