அன்றைக்கே ஊசியா, ஆய்வக முடிவுக்குப் பிறகா?

கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் எடுக்கும் ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்.ஐ.வி.யோடு சிபிலிஸும் பார்க்கப்படுகிறது. கண்டுகொள்ளாமல் விட்டால் கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டும். குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், பிறந்தாலும் எலும்பும் கண்ணும் காதும் கெடலாம். மருந்தோ 1940களிலிருந்து கையில் இருக்கும் பென்சிலின். அப்படியும் 2016இல் உலகெங்கும் சுமார் 6.6 லட்சம் பிறவி சிபிலிஸ் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களுக்கு எந்த வழி சரி? விரல்நுனி ரத்தத்தில் இருபது நிமிடத்தில் முடிவு காட்டும் துரிதப் பரிசோதனையை நம்பி அன்றைக்கே ஊசி போடுவதா, ஆய்வகத்தில் செய்யும் ஆர்.பி.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திருப்பதா?

காத்திருக்கச் சொல்பவர்களின் வாதம் லேசானதல்ல. துரிதப் பரிசோதனை பார்ப்பது எதிரணுவை. நோய் குணமான பிறகும் அது பல ஆண்டுகள் ரத்தத்தில் நிற்கும். ஒரு கணக்குக்காக, ஆயிரம் கர்ப்பிணிகளில் ஐவருக்கு நோய் என்றும், நோயில்லாதவர்களில் நூற்றுக்கு இருவரிடம் பரிசோதனை தவறும் என்றும் வைத்துக்கொள்வோம். 'பாசிட்டிவ்' வரும் இருபத்தைந்து பேரில் இருபது பேர் நோயற்றவர்கள். ஆய்வகத்தையே நம்பியும் ஜெயிக்கலாம் என்பதற்கு இலங்கை சாட்சி. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் அங்கீகாரம் பெற்றது. ஆனால் அங்கே வீடு தேடிப் போகும் மருத்துவமாது உண்டு, முடிவு எங்கோ தங்கிவிடாது. பரிசோதனைக் கருவியைவிட அந்தத் தொடர்ச்சிக்கே பெருமை சேர வேண்டும்.

நம்மிடம் அந்தத் தொடர்ச்சி எங்கே அறும்? பிரசவத்தில் இல்லை: தமிழ்நாட்டில் 99.6 சதவீதம் மருத்துவமனைப் பிரசவங்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. அறுவது, ரத்தம் கொடுத்த நாளுக்கும் ஊசி போடும் நாளுக்கும் நடுவில். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள். தாய்வீடு அக்கரையில் என்றால், மாநில எல்லை தாண்டியதும் அவளைத் தேட வேண்டிய கிராம சுகாதாரச் செவிலியர் (வி.எச்.என்.) வேறொருவர் ஆகிவிடுகிறார். காலக்கெடுவும் கறார்: பிரசவத்துக்கு முப்பது நாளாவது முன்னே பென்சிலின் ஏறியிருக்க வேண்டும். எட்டாம் மாதக் கடைசியில் எடுத்த ரத்தத்தின் முடிவு மூன்று வாரம் தாமதித்தால் அந்தக் கெடு தவறிவிடலாம். (மீனவர் குப்பம் என்றதும் இந்த நோயை முடிச்சுப் போடுகிறவர்களுக்கு: நான் பேசுவது தூரத்தை, நடத்தையை அல்ல.)

இருபக்கத் தவறையும் எடை போட்டால் தராசு ஒரு பக்கம் சாய்கிறது. தேவையில்லாத ஒரு பென்சிலின் ஊசி என்பது இடுப்பில் வலி. கடும் ஒவ்வாமை மிக அரிது. அதற்கும் அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சமாளிக்கலாம். தவறவிட்ட ஊசிக்கு விலை ஒரு குழந்தை. முதல் ஊசியே குழந்தையின் ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். எப்போது தொற்றியது என்று தெரியாத தாய்க்கு வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி தேவை, ஆகவே முதலாவதை இன்றே போட்டால்தான் கணக்கு முடியும். மாற்று மருந்தும் இல்லை: எரித்ரோமைசின் குழந்தையைச் சரியாக எட்டாது.

என் தீர்ப்பு: அன்றைக்கே போட வேண்டும். ஆனால் அந்த இருபது பேரை மறக்கக் கூடாது. அவர்களுக்கு நேரும் கெடுதல் ஊசியால் அல்ல, வீட்டில் கிளம்பும் சந்தேகத்தால். ஆகவே அதே நாள் ஆர்.பி.ஆர்.க்கும் ரத்தம் அனுப்பி, 'இது முதற்கட்ட முடிவு, தவறாகவும் இருக்கலாம்' என்று அவளிடம் தனியாகச் சொல்ல வேண்டும். கணவரைக் கூப்பிடுவது ஆர்.பி.ஆர். உறுதி செய்த பிறகு. உறுதியானால் தள்ளிப்போடக் கூடாது. அவருக்குச் சிகிச்சை இல்லையேல் அவளுக்கு மறுபடி தொற்றும். ஏரியில் முறைவைத்து மீன்பிடிக்கும் பாடு வழக்கத்தில் தன் முறை வரும் நாளை எந்த மனிதரும் விட மாட்டார், நாள் பார்த்தே வரச் சொல்ல வேண்டும்.

தாய் அட்டையில் எத்தனை ஊசி, எந்தெந்தத் தேதி, ஆர்.பி.ஆர். அளவு என்ன என்று எழுதியாக வேண்டும். அக்கரையில் பிரசவம் பார்க்கும் மருத்துவர், சிசுவுக்குப் பத்து நாள் பென்சிலின் தேவையா என்று முடிவெடுக்கும்போது கேட்கப்போவது அந்தத் தேதிகளைத்தான்.